பேர் சொல்லாத வாய்

சண்முகவடிவு அன்றைக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கட்டினாள். கல்யாண வீட்டுக்கு அல்ல. ஒரு மனுஷனை நாற்காலியிலிருந்து இறக்கப் போகிறாள். அதற்குச் சாயம் போன நூல் சேலை போதாது என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

யாரை இறக்கப் போகிறாள் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் நம்மோடு வந்து சேருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

போன தை மாதம் மாட்டுங்கா ஸ்டேஷனில் அவள் மூத்த மகள் தங்கமயில் சிரித்துக்கொண்டு நின்றாள். எதிரே நின்றவன் அம்பர்நாத்தில் பாக்டரி வேலை பார்க்கும் அத்தை மகன். பரீட்சைக்கென்று ஒரு பேனா வாங்கி வந்திருந்தான். அதைத் திறந்து காட்டுகிற பெருமையில் மையைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான். சிரிக்காமல் என்ன செய்வாள்?

தாராவித் தமிழ் உயர்நிலைப் பள்ளியின் செக்ரட்டரி அதைப் பார்த்தார். மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து, "ஸ்டேஷன்ல பையனோட நின்னு பல்லைக் காட்டுத பிள்ளைக்கு என் பள்ளிக்கூடத்துல பரீட்சை கிடையாது" என்றார். சொன்னபடியே எஸ்.எஸ்.சி. பரீட்சைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. கூடப் படித்தவர்களெல்லாம் மார்ச் மாதம் பரீட்சைக்குப் போனபோது, வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், உட்கார்ந்து அப்பளம் இட்டது.

சண்முகவடிவு அழவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் இளையவளின் பேரில் பெற்றோர் பிரதிநிதியாக நின்றாள். "பொம்பளைக்குக் கமிட்டில என்ன வேலை?" என்று செக்ரட்டரி சிரித்தார். குழாயடியில் நிற்கும் பெண்களெல்லாம் சேர்ந்து அவளை ஜெயிக்க வைத்துவிட்டார்கள். அவர் சிரிப்பு அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை இன்றைக்கு எடுத்துவிட வேண்டும்.

இத்தனை சொல்லியும் அந்த மனுஷன் பேரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சண்முகவடிவும் சொன்னதில்லை. காரணம் வேறொன்றுமில்லை. செக்ரட்டரியின் பேர் வானமாமலை. அவள் புருஷன் பேரும் வானமாமலை.

நாங்குநேரிப் பக்கத்து ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஊர்ப் பெருமாள் பேரை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். தாராவி ஜனங்கள் மரக்கடை வைத்திருக்கும் செக்ரட்டரியை மரவாடி வானமாமலை என்றும், மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் புருஷனைக் கடை வானமாமலை என்றும் பிரித்துக்கொண்டார்கள். அந்த மளிகைக் கடை இருப்பதும் மரவாடிக்காரருடைய இடத்தில்தான். குழப்பம் வேண்டாம். நமக்கு ஒருவர் செக்ரட்டரி, மற்றவர் கடைக்காரர்.

கடைக்காரர் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வடிவு, போறதுக்கு முன்னால ஒண்ணு கேளு. நேத்து செக்ரட்டரி கடைக்கு வந்திருந்தாரு."

"எதுக்கு? உப்பு வாங்கவா?"

"கேலி பண்ணாத. அக்டோபர் பரீட்சைக்கு நம்ம பிள்ளை படிவத்துல கையெழுத்துப் போடுதேன்னுட்டாரு. இன்னைக்குக் கமிட்டில நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"அத்தன பேர் முன்னால சொன்ன சொல்லு. அதை உங்க கடைல வந்து ரகசியமாத் திருப்பி எடுத்துக்கிடுதாராக்கும்?"

"சொல்லு கிடக்கட்டும், ஏட்டி. பரீட்சை வேணுமா வேண்டாமா? இந்த வாரத்தோட படிவம் அனுப்புத கெடு முடியுது. ஓட்டுல நீ தோத்தியன்னா அந்தாளு ஜென்மத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டாரு. கடையும் அவரு இடம்ங்கிறத மறந்துராத."

அவர் சொன்னதில் தப்பில்லை. செக்ரட்டரியை விலக்கச் சொல்லி அவள் கொண்டுவரும் தீர்மானம் ஜெயித்தால் புதிதாக வருகிற செக்ரட்டரி கையெழுத்துப் போடுவார். தோற்றால் தங்கமயிலுக்கு அப்பளக் கட்டைதான். கையில் கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சண்முகவடிவுக்கு அந்தப் பெற்றோர் கூட்டம் இன்னும் முடியவில்லை. அந்தச் சொல் இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தோசை வார்க்கும்போதும் கேட்டது, தண்ணீர் பிடிக்கும்போதும் கேட்டது.

மகள் பக்கம் திரும்பினாள். "ஏளா, பரீட்சை எழுதப் போறது நீ. நீயே சொல்லு."

தங்கமயில் அப்பளத்தை உலர்த்திக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரெண்டும் வேணும்மா. பரீட்சையும் எழுதணும். அந்தாளும் போகணும்."

"அப்படியே தாயை உரிச்சு வச்சிருக்கு," என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி, போ. நானும் வாரேன்," என்றார். ஒரு பேச்சை இப்படிப் பாதியில் விட்டுக்கொடுக்கிற ஆள் அல்ல அவர். சண்முகவடிவு இருந்த அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. பதினோராம் வகுப்பு அறையில் மேசையைச் சுற்றிக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. தலைவர் சுந்தரராமன் மாட்டுங்காக்காரர், ரயில்வே ஆபீசில் பெரிய பதவியிலிருந்து ரிடையர் ஆனவர். ரூல் புத்தகத்தை மூக்குக் கண்ணாடியோடு சேர்த்தே வைத்திருப்பார். அவருக்கு வலப்பக்கம் செக்ரட்டரி. எதிரே தோல் வியாபாரி ஷாகுல் ஹமீது. அவருக்கு அடுத்தாற்போல் செம்பூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஆறுமுகநயினார்.

ஷாகுல் ஹமீதின் ஓட்டு நிச்சயம். "என் மகளைச் சொல்லியிருந்தா தோல் உரிச்சிருப்பேன் தங்கச்சி" என்று அன்றைக்கே சொன்னவர். ஆறுமுகநயினாரும் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த நாளிலிருந்து அவள் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

கடைக்காரர் உள்ளே வரக்கூடாது. வராந்தா ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ப் பானை ஓரமாக நின்றுகொண்டார்.

"அடுத்த விஷயம்," என்று சுந்தரராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஸ்ரீமதி சண்முகவடிவு நோட்டீஸ் கொடுத்திருக்கா. முன்மொழியுங்கோ அம்மா."

சண்முகவடிவு எழுந்தாள். பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "செக்ரட்டரி இனிமே செக்ரட்டரியா இருக்கக் கூடாது. என் பிள்ளையை அநியாயமாப் பேசி அவ படிப்பைக் கெடுத்தாரு. அதனால அவரை விலக்கணும்."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் செக்ரட்டரி. அந்தப் பாதிச் சிரிப்பு முகத்துக்கு வந்துவிட்டது. "செக்ரட்டரிங்கிறது நாற்காலி. நாற்காலியை எப்படி விலக்குறது? எந்த ஆளை விலக்கணும்னு பேரைச் சொல்லச் சொல்லுங்க. நம்ம ரூல் என்ன?"

சுந்தரராமனுக்கு ரூல் என்று யாராவது சொன்னால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும். "வாஸ்தவம். பேரைச் சொல்லித்தான் முன்மொழியணும். பேரில்லாத தீர்மானம் தீர்மானமே இல்லை. சொல்லுங்கோ அம்மா, யாரை?"

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எத்தனையோ மாதமாக ஒவ்வொரு ஓட்டாகச் சேர்த்தாள். என்ன பேச வேண்டும் என்று பிள்ளையை வைத்துக்கொண்டு பழகினாள். இந்த ஒரு பேர் நடுவில் குறுக்கே படுத்திருக்கும் என்று நினைக்கவே இல்லை. குழாயடியில்கூட அவள் 'அந்தச் செக்ரட்டரி' என்றுதான் சொல்லுவாள்.

"இதோ இருக்காகளே, இவுகளைத்தான்," என்று கையைக் காட்டினாள்.

"கையைக் காட்டறது கணக்கில்லை."

"எங்க வீட்டுக்காரவுக பேரு உள்ளவுக."

"உங்காத்துக்காரர் பேர் நேக்கு எப்படித் தெரியும்?"

"பெருமாள் பேருங்க. நாங்குநேரியில குடியிருக்காகளே, அந்தப் பெருமாள்."

"பெருமாளையா கமிட்டியிலேர்ந்து விலக்கணுங்கறேள்?"

ஆறுமுகநயினார் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வாக்கைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமலே தப்பித்துவிடலாம் போலிருக்கிறதே என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

ஷாகுல் ஹமீது மேசையைத் தட்டினார். "தலைவரே, அவங்க சொல்ல வேண்டாம். நான் முன்மொழியுதேன். எழுதிக்கிடுங்க."

"நோட்டீஸ் அவா கொடுத்தது, பாய். நீங்க கொண்டுவரணும்னா புதுசா நோட்டீஸ் கொடுக்கணும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு எடுத்துக்கலாம்."

அடுத்த மாசம்! அதற்குள் படிவம் அனுப்புகிற கெடு முடிந்துவிடும்.

செக்ரட்டரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஜெயித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த மனுஷர்கள் குறைவு. அவர் அந்தக் குறைவில் சேர்ந்தவர் இல்லை.

"இவ்வளவு எதுக்கு? இந்தம்மா என் பேரைச் சொல்லட்டும். ஓட்டே வேண்டாம். நானே சாவியை வச்சிட்டுப் போயிடுதேன்."

"அப்படிச் சொல்லலாமா? சொல்லிட்டாங்கன்னா?" என்றார் ஆறுமுகநயினார்.

"சொல்ல மாட்டா ஓய். அவ வீட்டுக்காரனே நேத்து எங்கிட்டச் சொன்னான். பிரசவ வலியில துடிக்கும்போது நர்ஸு புருஷன் பேரு என்னன்னு கேட்டாளாம். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாளாம், சொல்லலையாம். பக்கத்துக் கட்டில்காரிதான் சொன்னாளாம். அப்பவே வராத பேரு இப்பவா வரப்போகுது?"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சண்முகவடிவு மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. பேர் கேட்கிற யோசனை செக்ரட்டரியுடையது அல்ல. வீட்டிலிருந்து போனது.

அவள் அந்தப் பேரைச் சொல்லாமல் இருந்தது யாருக்கும் பயந்து அல்ல. தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அந்தக் கோலியில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். தானாக அவருக்குக் கொடுத்தது. வலியிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதை இந்த மனுஷன் கொண்டுபோய், யார் தன் பெண்ணை நாறடித்தானோ அவனிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சண்முகவடிவுக்கு வெட்கம் வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இத்தனை வருஷத்துக் கூச்சமும் எரிந்துபோனது.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வானமாமலை."

அண்ணாச்சி இல்லை, ஐயா இல்லை. வெறும் பேர். சந்தில் விளையாடுகிற பையனைக் கூப்பிடுகிற மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே கடைக்காரர், தன்னையறியாமல், "என்ன?" என்றார்.

சுந்தரராமன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். ரூல் அவரை விடவில்லை. "எந்த வானமாமலைன்னு தெளிவாச் சொல்லிடுங்கோ அம்மா. பின்னால தகராறு வரப்படாது."

"செக்ரட்டரி வானமாமலை இன்னைக்கே சாவியை வச்சிட்டுப் போகணும்," என்றாள் சண்முகவடிவு. "கடை வானமாமலைகிட்ட நான் வீட்டுல பேசிக்கிடுதேன்."

"வழிமொழியுதேன்!" என்று ஷாகுல் ஹமீது கத்தினார். கூட்டத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் வழிமொழிந்ததில்லை.

ஆறுமுகநயினார் ஒரு நிமிஷம் துண்டைப் பிசைந்தார். பிறகு, "ஒரு பொம்பளை இவ்வளவு செஞ்ச பிறகு நான் கையைத் தூக்கலைன்னா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது," என்று கையைத் தூக்கினார்.

"ஓட்டே வேண்டாம்னு நீங்களே சொன்னேள்," என்று சுந்தரராமன் செக்ரட்டரியிடம் சொன்னார். "இருந்தாலும் ஓட்டும் எடுத்தாச்சு. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த தேர்தல் வரைக்கும் ஷாகுல் ஹமீது பார்த்துக்கட்டும்."

செக்ரட்டரியின் முகம் கறுத்துச் சிறுத்துப்போயிற்று. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மேசையில் விட்டெறிந்தார். அது சறுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

"எறியக்கூடாது," என்றாள் சண்முகவடிவு. "பள்ளிக்கூடத்துச் சாவி. குனிஞ்சு எடுத்து மேசைல வையுங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. மரவாடி வானமாமலை, தாராவியில் யாருக்கும் தலை குனியாதவர், நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். சண்முகவடிவு அவர் நிமிர்கிற வரைக்கும் கண் இமைக்காமல் பார்த்தாள். உள்ளே வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. அதை நான் மறைப்பானேன்? பழி வாங்குகிறது இனிப்பாகத்தான் இருக்கிறது.

வெளியே போகும்போது செக்ரட்டரி வராந்தாவில் நின்றார். "வாரும் ஓய் பேர்க்காரரே," என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். "உம்மகிட்டக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

*

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஷாகுல் ஹமீது தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையெழுத்து பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது. தங்கமயில் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அம்பர்நாத் அத்தானின் அதே பேனாவால் ஒவ்வோர் இடமாக நிரப்பினாள்.

சண்முகவடிவு அடுப்படியில் இருந்தாள். கை கறி நறுக்கியது. மனசு வார்த்தைகளை நறுக்கிக்கொண்டிருந்தது. வரட்டும். முதலில் எதைக் கேட்க வேண்டும், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று வரிசையாக எடுத்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் வந்தார். ஒரு தோளில் கடைத் தராசு தொங்கியது. கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் இருந்த எடைக்கல்லெல்லாம் தரையில் வைத்தபோது கலகலவென்று சத்தம் போட்டன.

"கடையைப் பூட்டிட்டான்," என்றார். "இதை மட்டும் எடுத்துக்கிட விட்டான். பொண்டாட்டி வாயை அடக்கத் துப்பில்லாதவனுக்குக் கடை ஒரு கேடான்னு கேட்டான். ரோட்டுல, அத்தன பேரு முன்னால."

அவர் கண் கலங்கியிருந்தது. சண்முகவடிவுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று தன் மேலேயே கோபமும் வந்தது. வரிசையாக எடுத்து வைத்திருந்ததில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"நான் வலியில கிடந்ததை அவங்கிட்டச் சொன்னியளே. அப்ப சுத்தி எத்தன பேரு நின்னாங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசை இறக்கி வைத்தார். கடையில் அந்த நேரம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று திரும்பிய அந்த முகமே சொல்லிவிட்டது.

எதையாவது சரி செய்ய வேண்டுமே என்று, மகளிடம் கையை நீட்டினார். "படிவத்தைக் குடும்மா. தகப்பன் கையெழுத்து ஒண்ணு வேணுமில்லா? எங்க போடணும்னு காட்டு."

தங்கமயில் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேண்டாம்ப்பா. அம்மா போட்டுட்டா."

அவர் குனிந்து பார்த்தார். காப்பாளர் என்ற இடத்தில் சண்முகவடிவு என்று கோணல் மாணலாக எழுதியிருந்தது. வெகு நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்குப் பை அருகே ஒரு நிமிஷம் குந்தினார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடலையா?" என்று கேட்டது தங்கமயில்தான்.

"வந்து சாப்பிடுதேன்."

அவர் சந்தில் இறங்கிப் போனார். போகட்டும், கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டும் என்று சண்முகவடிவு விட்டுவிட்டாள். மகள் தட்டு வைத்தாள். வழியை அடைத்துக் கிடந்த சாக்குப் பையை ஓரமாக நகர்த்தலாம் என்று சண்முகவடிவு தூக்கினாள். அது கை நினைத்த கனம் இல்லை.

பையைத் தரையில் கவிழ்த்தாள். நூறு கிராம், இருநூறு, ஐந்நூறு, ஒரு கிலோ எல்லாம் உருண்டன.

"ஏளா, அஞ்சு கிலோக் கல்லு எங்க?"

தங்கமயில் குனிந்து தேடினாள். தராசுத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இந்த நேரத்தில் செக்ரட்டரி மரவாடியில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். அது தாராவியில் எல்லோருக்கும் தெரியும்.

சண்முகவடிவு செருப்புக்கூடப் போடாமல் சந்தில் இறங்கி ஓடினாள்.